முற்றத்துக் குழாய் கண்டக்டரை மட்டும் கடித்த விவரம்

"இரும்புக் குழாய்க்கு ஆள் பார்த்துக் கடிக்கத் தெரியுமா டீச்சர்?" என்று இந்த நிலையத்தின் ஆய்வாளர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார். அன்று நான் வாயால் சொன்ன பதிலை எழுத்திலும் தர வேண்டும் என்று அழைத்ததன் பேரில் இன்று நிலையத்துக்கு வந்து, எழுத்தரின் எதிரே அமர்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைச் சொல்கிறேன்.

என் பெயரும் தந்தை பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தர் எழுதியுள்ளபடி. வயது அறுபத்தேழு. தொழில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, அறிவியல் பாடம். கதவு எண்ணைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கண்டக்டர் வீட்டுப் பின்பக்கம், சயின்ஸ் டீச்சர் என்று கேட்டால் வாசல் வரை கொண்டு வந்து விடுவார்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும், பாடம் எடுக்கக் கூடாது என்று எழுத்தர் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டார். முதலாவதற்குச் சம்மதித்தேன். இரண்டாவதற்கு முயற்சி செய்வதாகச் சொன்னேன்.

சம்பவம் நடந்த வீடு ஒரு மாடி வீடு. கீழே முன்பகுதியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரைக் கண்டக்டர் என்றுதான் சொல்கிறது. அவரும் தெருவைப் பேருந்தாகத்தான் நடத்துகிறார். யாராவது வாசலை மறித்து நின்று பேசினால் உள்ளே தள்ளிப் போகச் சொல்வார். நான் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் அழைப்பது வழக்கம். கீழே பின்பகுதியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு பகுதிக்கும் நடுவே திறந்த முற்றம். முற்றத்தில் சிமெண்ட் தளம், அதன் ஓரத்தில் ஓர் இரும்புக் குழாய். கண்டக்டர் பல் துலக்குவது, முகம் கழுவுவது, குளிப்பது எல்லாம் அந்தக் குழாயடியில்தான். அண்ணி சமையலறையில் உள்ள பிளாஸ்டிக் குழாயோடு தன் வேலையை முடித்துக்கொள்வார்.

மாடியில் அவர்களுடைய ஒரே மகளும் மருமகனும் இருக்கிறார்கள். மருமகன் பேக்கரியில் அடுப்பு வேலை பார்ப்பவர். இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு, விடிந்த பிறகு தலைமயிரிலும் புருவத்திலும் மாவோடு வீடு வந்து சேர்வார். எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் பச்சைத் தண்ணீரில் போகாது என்பதால் வந்த உடனே ஹீட்டரைப் போட்டுச் சுடுதண்ணீரில் குளிப்பார். அந்த வீட்டில் ஹீட்டர் போடுவது அவர் ஒருவர்தான். மகளுக்கு எந்தக் காலத்திலும் பச்சைத் தண்ணீர்தான் பிடிக்கும்.

மருமகனின் காலில் எந்நேரமும் ரப்பர் செருப்பு இருக்கும். பேக்கரித் தரை வழுக்கும் என்பதால் வந்த பழக்கம் அது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரித்திருக்கிறாள். கண்டக்டருக்கோ செருப்பு என்றால் அது வாசலோடு சரி, வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் வெறுங்கால்தான். செருப்பு விவரம் தேவையில்லை என்று எழுத்தர் கருதினார். பாதி வழக்கு அந்தச் செருப்பில்தான் இருக்கிறது என்று நான் சொன்னதால் எழுதிக்கொண்டார்.

சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன் மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. மருமகன் வேலை பார்க்கும் பேக்கரி ஊரின் மறுகோடியில் புதுக் கிளை திறக்கப் போவதாகவும், அதன் அடுப்புகளுக்கு அவரையே தலைமையாக்கி இருப்பதாகவும், பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டதாகவும் அவர் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். கண்டக்டர் அதை வேலை உயர்வாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போக நடக்கும் ஏற்பாடாக எடுத்துக்கொண்டார். அன்று முதல் மருமகனுக்கு முகம் கொடுத்துப் பேசாமல், எதுவானாலும் மகளை நடுவில் நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். அப்போது மருமகன் ஒரு சாப்பாட்டுத் தட்டு தூரத்தில் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

அதன் பிறகு நான் என் தங்கை வீட்டுக்குப் போய்ச் சில நாட்கள் தங்கினேன். நான் இல்லாத நாட்களில், தரையிலிருந்து வீட்டுக்குள் ஏறும் தண்ணீர்க் குழாய் மண்ணோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து ஒழுகியதாகவும், கண்டக்டர் பிளம்பரை வரவழைத்து அந்த இடத்தில் மட்டும் ஒரு கை நீளத்துக்கு இரும்பை வெட்டி எடுத்துவிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைப் போட்டதாகவும் பிறகு தெரிந்துகொண்டேன். நான் ஊர் திரும்பிய மாலை, பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் என்னை அந்த வெள்ளைக் குழாயிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வந்தார். நடுவில் வேறொரு கவலை அவர் நினைவுக்கு வந்துவிட்டதால் குழாயைக் காட்டாமலே நின்றுவிட்டார்.

அந்தக் கவலை இதுதான். முற்றத்துக் குழாய் சில நாட்களாகத் தன்னைக் கடிப்பதாகக் கண்டக்டர் சொன்னார். எந்நேரமும் கடிப்பதில்லை, காலையில் மட்டும் கடிக்கிறது, அதிலும் மருமகன் குளியலறைக்குள் போன பிறகுதான் கடிக்கிறது என்றார். ஓடும் பேருந்தில் சீட்டு வாங்காதவரைக் கண்டுபிடித்துப் பழகியவர் ஆகையால் இதையும் அவர் சும்மா விடவில்லை. அண்ணியை மாடிப்படியில் நிறுத்தி, குளியலறை விளக்கு எரிந்தால் ஒரு தடவையும் அணைந்தால் இரண்டு தடவையும் கை தட்டச் சொல்லி, தான் கீழே நின்று புறங்கையால் குழாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் குழாய் கடித்தது. அணைந்ததும் விட்டுவிட்டது. பார்த்த ஒரு நாளும் அது தப்பவில்லை. ஒரு நாள் மகள் மூலமாக மருமகனைக் கீழே வரச் சொல்லி, ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே குழாயைத் தொடச் சொன்னார். மருமகன் இறங்கி வந்து, ரப்பர் செருப்போடு நின்று, குழாயை முழுக் கையால் பிடித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே மாமா. நீங்க தூக்கக் கலக்கத்துல இருக்கீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் கண்டக்டரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதையெல்லாம் அவர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, தன் கணக்கைத் தீர்த்துவிட்டு வீட்டையும் மகளையும் எடுத்துக்கொள்ள மருமகன் மாடியிலிருந்து ஒயர் விட்டிருக்கிறார் என்று முடித்தார். காலையில் நான் வந்து பார்க்கிறேன், அதுவரை குழாயைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் சொம்பு உருளும் சத்தமும் கண்டக்டர் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. ஓடிப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் தளம் முழுக்கத் தண்ணீர். அவர் மல்லாந்து கிடந்தார், வாயில் பற்பசை நுரை, வலது முழங்கையில் சிராய்ப்பு. தொட வேண்டாம் என்று சொன்னேனே என்றதற்கு, டீச்சர் வந்து பார்க்கும்போது கடிக்காமல் போனால் என் பேச்சு என்னாவது, அதனால்தான் இன்னும் கடிக்கிறதா என்று சரிபார்த்தேன் என்றார். நானும் அண்ணியும் அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். அந்நேரம் மாடியில் மருமகன் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தது கீழே தெளிவாகக் கேட்டது. கண்டக்டர் ஒரு கணம் அதைக் கேட்டுவிட்டு, வாயைக்கூடக் கொப்பளிக்காமல், தோளில் துண்டோடு நேராக நிலையத்துக்கு நடந்தார்.

அதன் பிறகு இரண்டு காவலர்கள் வந்து மருமகனை அழைத்துச் சென்றார்கள். அவர் காது மடலில் இன்னும் சோப்பு இருந்தது. சாட்சி என்று என்னையும் வரச் சொன்னதால் நானும் மகளும் பின்னால் போனோம். நிலையத்தில் மருமகனைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் பயப்பட்டதைவிட மாவைப் பற்றி அதிகம் கவலைப்பட்டார். கிளம்பும்போது பெரிய தொட்டி நிறைய மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்திருப்பதாகவும், மதியத்துக்குள் போய் அமுக்கிவிடாவிட்டால் பொங்கித் தரையில் வழிந்துவிடும் என்றும், பக்கத்தில் இருந்த காவலரிடம் நேரம் கேட்டபடியே இருந்தார்.

ஆய்வாளர் கண்டக்டரின் புகாரைப் படித்துக் காட்டினார். கொலை முயற்சி என்று எழுதியிருந்தது. இதைப் பதிவு செய்தால் மருமகன் இன்று வீட்டுக்குப் போக முடியாது, புதுக் கிளை வேலையையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று ஆய்வாளர் விளக்கினார். மகள் தகப்பனார் பக்கம் திரும்பினாள்.

"அவரை உள்ள வெச்சா நானும் இந்த பெஞ்சுலதான் உக்காருவேன்ப்பா. ராத்திரிக்கு சாப்பாடு நீங்கதான் கொண்டு வரணும். ரெண்டு பேருக்கும்."

கண்டக்டர் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அப்போதுதான் ஆய்வாளர் என்னைப் பார்த்து, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். குழாய் எல்லாருக்கும் பொதுவாக இருக்க, மாமனாரை மட்டும் கடிக்கிறது, அதுவும் மருமகன் குளிக்கும் நேரத்தில் கடிக்கிறது என்றால் யாரோ கை வைக்காமல் எப்படி என்று அவருக்குச் சந்தேகம். அது நியாயமான சந்தேகம் என்றே நான் சொன்னேன். குழாயில் மின்சாரம் வருவது உண்மை, யாராவது வைத்தார்களா என்பதை நிலையத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது, வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். ஆய்வாளர் சம்மதித்தார். நிலையத்து மின் வேலைகளைச் செய்யும் வயர்மேனைத் தன் மீட்டரோடு வரச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே ஜீப்பில் போனோம். மாமனாரும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி ஆனது. இருவருக்கும் நடுவில் ஆய்வாளரின் தொப்பி இருந்தது.

வீட்டில் முதலில் மாடிக் குளியலறைக்குப் போனோம். மாடியிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் ஒயர் எதுவும் இல்லை என்று ஒரு காவலர் சன்னல், மொட்டை மாடி, படிக்கட்டு எல்லாம் தேடிப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு வயர்மேன் ஹீட்டரைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஹீட்டரின் உலோக உடம்பிலும் மறுமுனையைக் குழாயிலும் வைத்தார். முள் அசையவில்லை. குழாயிலும், தரையில் தண்ணீர் வடியும் இரும்புச் சல்லடையிலும் வைத்தார். அசையவில்லை. ஹீட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ஹீட்டர், குழாய், சல்லடை மூன்றையும் யாரோ பச்சை ஒயரால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், நல்ல வேலை, இந்தக் குளியலறையில் யாருக்கும் ஷாக் அடிக்காது என்று சொன்னார்.

வயர்மேன் பாராட்டாகச் சொன்னது மருமகனுக்குப் பாதகமாகப் போனது. ஆய்வாளர் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். தன் இடத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறாயே என்பது அந்தப் பார்வையின் பொருள். கண்டக்டர், "பாத்தீங்களா சார்" என்று மட்டும் சொன்னார். மருமகன் அந்தப் பச்சை ஒயரை இன்றுதான் முதல் தடவை பார்ப்பதாகச் சொன்னார். அப்போது அவர் முகம் முதன்முறையாக மாவை மறந்திருந்தது. மகள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு நான் கேட்டுக்கொண்டபடி, ஹீட்டரை அணைக்காமல் எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினோம். யாரையும் குழாய்ப் பக்கம் போக வேண்டாம் என்று வயர்மேன் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையை ஈரச் சிமெண்ட் தரையிலும் வைத்தார். முள் எழுந்து பாதி தூரம் போய் நின்றது. கண்டக்டருக்கு அதைப் பார்த்ததில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் எல்லோரும் பொய் என்று நினைத்தது உண்மைதான் என்று முள்ளே சாட்சி சொல்லிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அண்ணி சமையலறை வாசலில் இருந்து, இதே மாதிரிக் காலையில் பிரிட்ஜும் லேசாகக் கிள்ளும் என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். கைப்பிடியில் துணி சுற்றி வைத்துவிட்டதால் தனக்கு ஒன்றும் தொந்தரவு இல்லை என்று அவர் மேலும் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தோம். பழைய பருத்தித் துணி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. ஏன் இதைச் சொல்லவில்லை என்று கண்டக்டர் கோபமாகக் கேட்டார்.

"சொன்னா பிரிட்ஜ் மேலயும் கேஸ் குடுப்பீங்க. அப்புறம் பாலை எங்க வெக்கறது?"

எனக்கு அத்தோடு விஷயம் விளங்கிவிட்டது. மாமனாரைக் கொல்ல நினைப்பவர் மாமியாரின் பிரிட்ஜுக்கும் சேர்த்து ஏன் மின்சாரம் விட வேண்டும்? வயர்மேனுக்கும் அதே யோசனை வந்திருக்க வேண்டும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மீட்டர் பெட்டியிடம் போய், அதிலிருந்து கீழே இறங்கும் பச்சை ஒயரை விரலால் தொடர்ந்துகொண்டே சுவரோரமாக நடந்தார். நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் வரிசையாக நடந்தோம். அந்த ஒயர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், தண்ணீர்க் குழாயைச் சுற்றிப் போட்டிருந்த ஒரு கவ்வியில் முடிந்தது. கவ்விக்குக் கீழே ஒரு சாண் இரும்பு. அதற்குக் கீழே, மண் வரை, பளபளவென்று வெள்ளைப் பிளாஸ்டிக்.

வயர்மேன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டுக்கு எர்த்தே இந்தக் குழாய்தான், அதையே வெட்டி எறிந்திருக்கிறார்கள் என்றார்.

இதை ஆய்வாளருக்கு விளங்கும்படி சொல்ல என்னை அனுமதித்தார்கள். இந்த இடத்தில் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். பாடம் இல்லை, விளக்கம்தான் என்று நான் உறுதி கொடுத்த பிறகு எடுத்தார். நான் சொன்னது பின்வருமாறு. பேருந்து ஓடும்போது உள்ளே இருப்பவர்கள் விழுவதில்லை. வண்டி வேகமாகத்தான் போகிறது, ஆனால் இருக்கை, கம்பி, பயணிகள் எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் போகிறார்கள். ஒரு காலைப் படிக்கட்டிலும் மறு காலை ரோட்டிலும் வைப்பவன்தான் விழுவான். மாடிக் குளியலறை பேருந்தின் உள்பக்கம். அங்கே தொடும் இரும்பையெல்லாம் பச்சை ஒயர் ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பதால், மின்சாரம் ஏறினாலும் எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஏறுகிறது, நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதே இரும்புக் குழாய் கீழே முற்றத்துக்கும் வருகிறது. அங்கே வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று அதைத் தொடுபவர் ஒரு கை பேருந்திலும் கால் ரோட்டிலுமாக நிற்கிறார். ரப்பர் செருப்பு போட்டவர் ரோட்டை மிதிக்கவே இல்லை, அதனால்தான் மருமகன் தொட்டபோது கடிக்கவில்லை.

கண்டக்டர் குறுக்கிட்டு, படிக்கட்டில் தொங்குபவர்களைத் தன் வேலைக்காலம் முழுக்கத் திட்டித் தீர்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு தானே தொங்கியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது, மீசையைத் தடவினார்.

ஹீட்டருக்குள் இருக்கும் சூடேறும் கம்பியில் மயிரிழை விரிசல் விழுந்திருக்க வேண்டும், அது வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் ஹீட்டரின் உடம்புக்குக் கசிகிறது என்று வயர்மேன் சொன்னார். முன்பு அந்தக் கசிவு, வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் அன்றே கட்டிவைத்த அந்தப் பச்சை ஒயர் வழியாக இரும்புக் குழாய்க்கும், குழாய் வழியாக மண்ணுக்கும் யாருக்கும் தொல்லை இல்லாமல் போய்விட்டது. எர்த் என்பது வேறொன்றும் இல்லை, இரும்பில் ஏறும் மின்சாரம் நம் உடம்பைத் தேடாமல் மண்ணுக்கு இறங்க ஒரு சுலபமான வழி. வெள்ளைக் குழாய் வந்த அன்று அந்த வழி அடைபட்டது. பிளாஸ்டிக்கில் தண்ணீர் போகும், இந்த மின்சாரம் போகாது. அது வீட்டில் உள்ள அத்தனை இரும்பிலும் ஏறி உட்கார்ந்து, யாராவது மண்ணை மிதித்துக்கொண்டு தொட மாட்டார்களா என்று காத்திருந்தது. விரிசல் மயிரிழையாக இருந்ததால் கண்டக்டர் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். அது இன்னும் கொஞ்சம் வாய் திறந்திருந்தால் இன்று இந்த விசாரணை வேறு விதமாக இருந்திருக்கும் என்று வயர்மேன் சொன்னதும் மகள் மாடிக்கு ஓடிப் போய் ஹீட்டரை அணைத்தாள். கிள்ளுவதை இனி மூடி வைக்கக் கூடாது என்று அண்ணி போய் பிரிட்ஜ் கைப்பிடித் துணியை அவிழ்த்தார்.

அதன் பிறகு ஆய்வாளர், இந்த வெள்ளைக் குழாயைப் போடச் சொன்னது யார் என்று கேட்டார். கண்டக்டர், "நான்தான் சார்" என்றார். அப்படியானால் யாரை உள்ளே வைப்பது என்று ஆய்வாளர் தலைமைக் காவலரைக் கேட்டார். இரண்டு பேரையும் வைத்தால் சாப்பாடு கொண்டு வர அண்ணிக்குச் சுலபம் என்று தலைமைக் காவலர் சொன்னார்.

கண்டக்டர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் மருமகனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. மருமகன் நேரத்தைக் கேட்டுவிட்டு, ஜீப்பிலேயே பேக்கரிக்குப் போய் மாவை அமுக்கிவிட்டுத் திரும்பி வந்தார். தொட்டியின் விளிம்பு வரை வந்து நின்றிருந்ததாம்.

அவர் வருவதற்குள் வயர்மேன் ஹீட்டரைக் கழற்றிக் கீழே இறக்கியிருந்தார். முற்றத்தை ஒட்டிய மண் தரையில் ஒரு நீளமான எர்த் கம்பியை அடித்து இறக்கி, மீட்டர் பெட்டியின் பச்சை ஒயரையும் வீட்டுக் குழாயையும் அதோடு சேர்க்க வேண்டும், கசிவு வந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றும் பெட்டியில் போட வேண்டும் என்றார். கம்பியை அடிக்க ஒருவர், ஆடாமல் பிடிக்க ஒருவர் வேண்டும். இரவெல்லாம் மாவு பிசையும் கை என்பதால் சம்மட்டியை மருமகனிடம் கொடுத்தார். பிடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது நான் போகலாம் என்று எழுந்தேன். அதற்குள் கண்டக்டர் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, கம்பியை இரு கையாலும் பிடித்துக் குனிந்து உட்கார்ந்தார். அவருடைய தலையும் விரல்களும் சம்மட்டிக்கு நேர் கீழே இருந்தன.

ஆய்வாளர் இன்னும் கிளம்பவில்லை. காலையில் கொலை முயற்சி என்று தான் படித்த புகாரின் இரு தரப்பும் இப்போது எதிரில் இப்படி நிற்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் சம்மட்டியைத் தூக்கிவிட்டு இறக்காமல் நின்றார்.

"கையை எடுத்துக்குங்க மாமா. நான் தனியா அடிச்சுக்கறேன்."

"ஆடும். நீங்க அடிங்க மாப்ளே."

"தவறிப் பட்டுட்டா?"

"பட்டா இதோ நிக்கறாரு இன்ஸ்பெக்டர். எழுதிக்குவாரு. அடிங்க."

சில வாரங்களுக்குப் பிறகு மகளை நடுவில் நிறுத்தாமல் அவர்கள் பேசியது அதுதான். மருமகன் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார், கையை மட்டும் எடுக்கவில்லை. கம்பி பாதிக்கு மேல் இறங்கியதும், புது வீட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று குனிந்தபடியே கேட்டார். தெரியாது என்று மருமகன் சொன்னார். பார்த்துவிட்டுத்தான் குடி போக வேண்டும், அங்கேயும் கம்பி அடிக்க வேண்டி வந்தால் பிடிக்கத் தான் வருவதாகக் கண்டக்டர் சொன்னார். மகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ போடுவதாக உள்ளே போனாள். ஆய்வாளரும் இருந்து குடித்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு வயர்மேன் எல்லாவற்றையும் சேர்த்து முடித்து, குழாயிலும் ஈரத் தரையிலும் மீட்டரை வைத்துக் காட்டினார். முள் படுத்துக் கிடந்தது. மருமகனும் மகளும் அடுத்த வாரம் புது வீட்டுக்குப் போகிறார்கள். அதற்கு எர்த் இருப்பதை வயர்மேனோடு கண்டக்டரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இந்த வீட்டில் யாரும் யாருக்கும் மின்சாரம் வைக்கவில்லை என்பதே நான் கண்டதும் அறிந்ததும். மருமகன் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டியதில்லை என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் இதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினேன். மற்றபடி நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, சொன்னவற்றில் பொய் இல்லை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)

கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்க எழுத்தர் அனுமதித்தார். இந்தத் தாள் இனி யார் மேசைக்குப் போனாலும் படிப்பவருக்கு: வீட்டுக்குப் போனதும் மீட்டர் பெட்டியில் உள்ள ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள், விளக்கு அணையவில்லை என்றால் அன்றே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.